‘இல்லை’ என்று வந்த முடிவு

என் மகளுக்கு ஒன்பது வயதில் வந்த இருமல் மூன்று வாரமாகியும் போகவில்லை. எங்கள் தெருவில் இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டுக்கு வீடு தறி. பட்டுப் பிசிறு காற்றிலேயே இருக்கும். எந்நேரமும் யாராவது ஒருவர் இருமிக்கொண்டிருப்பார். எனக்குத் தறி தெரியாது. கல்லூரி நூலகத்தில் வேலை. எனவே எதற்கும் காரணம் சொல்லிவிடும் பழக்கம் உண்டு. “தூசுதான்” என்று தீர்ப்பு வழங்கினேன். அதற்காக நுரையீரல் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றில் முப்பது பக்கம் படித்திருந்தேன். குழந்தைகள் அதில் நாற்பதாம் பக்கத்துக்கு மேல்தான் வருகிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

இருமலுக்கு எங்கள் தெருவில் ஒரு வழி உண்டு. முகூர்த்தச் சேலை தறியில் இருக்கும்போது நெய்பவர் இருமிக்கொண்டு உட்கார முடியாது. மருந்துக் கடைக்குப் போய் இரண்டு முறை இருமிக் காட்டினால் போதும், ஆன்டிபயாடிக் வந்துவிடும். மூன்று நாள் விழுங்குவார்கள். பிறகு நிறுத்திவிடுவார்கள். நானும் போனேன்.

“கொழந்தைக்கா சார்? சிரப்பா தர்றேன். தறிக்காரங்க எல்லாம் இதான் வாங்கிக்கினு போறாங்க.”

மனைவிக்குத் தெரியாமல் மூன்று நாள் கொடுத்தேன். முதல் நாளிலிருந்தே டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அவள் சொன்னது சரியாகிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு. இருமல் அசையவில்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் பாட்டிலைப் புத்தக அலமாரியில், யாரும் தொடாத இலக்கணப் பகுதிக்குப் பின்னால் வைத்தேன்.

அந்தச் சமயத்தில் என் தங்கை பிரசவம் முடிந்து எங்கள் வீட்டில் இருந்தாள். கைக்குழந்தைக்கு ஒரு மாதம். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அதன் முகத்தருகே போய் முகத்தை வைத்துக்கொள்வாள்.

கடைசியில் மனைவிதான் மகளைக் கிளப்பினாள். நான் கூடப் போனேன். டாக்டரம்மா முன்னால் மகளுக்கு இருமல் வந்தது. மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கடுக்காக இருமி, முகம் சிவந்து, கடைசியில் ஓர் இழுப்பு இழுத்து வாந்தி எடுத்தாள்.

“கக்குவான் இருமலா இருக்கலாம். வீட்ல கைக்கொழந்தை ஏதாவது இருக்குதா?”

மனைவி சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார்.

“எங்க பொண்ணுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சே டாக்டர்.”

“வருஷம் போகப் போக அதோட பலம் கொறஞ்சிடும்மா. இவ இருமித் தேறிடுவா. அந்தக் கொழந்தைக்கு இதுக்கான மொத ஊசியே இன்னும் போடல. அவ்ளோ சின்னதுக்கு இருமக்கூட வராது, மூச்சு நின்னுடும். இன்னிலருந்து ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கக் கூடாது. பி.சி.ஆர். டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்ல டாக்டர்” என்றாள் மனைவி, உண்மையென்று நம்பி. நான் சுவரில் இருந்த தாய்ப்பால் விளக்கப் படத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

மாதிரி எடுக்க ஒரு பெண் வந்தாள். கையில் ஊதுவத்தியைவிட மெல்லிய, நீளமான குச்சி; நுனியில் பஞ்சு போல ஒன்று.

“இது முழுசும் உள்ள போவுமா?” என்றாள் மகள்.

“முழுசும் போவாதுமா. பாதிதான்.”

“மொதல்ல எங்கப்பாவுக்கு விடுங்க.”

“அப்பா கைய மட்டும் புடிச்சிக்கட்டும், போதும்.”

குச்சி மூக்கின் அடிவரை போய்த் திரும்பியது. மகள் என் கட்டைவிரலைக் கடித்தாள். நியாயமாகத்தான் பட்டது. என்ன செய்வார்கள் என்று கேட்டேன். கிருமியை வளர்த்துப் பார்க்க நாளாகும், இது அப்படியில்லை, கிருமியின் மரபுப் பொருளில் துளி இருந்தாலும் அதைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடித்துவிடும் என்றாள் அந்தப் பெண். “ஆனா முன்னாடியே மருந்து குடுத்திருந்தா கிருமி ரொம்பக் கொறஞ்சி போயிருக்கும் சார். அப்ப இருந்தாலும் இல்லன்னு காட்டும்.” மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். ‘இருக்கிறது’ என்று வந்துவிட்டால் சொல்லவே வேண்டியிருக்காதே என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் முடிவு என் போனுக்கு வந்தது. கக்குவான் கிருமி இல்லை.

“பாத்தியாண்ணா, வெறும் சளி. ரெண்டு நாளா எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்!” என்றாள் தங்கை. தன் அறைக் கதவைத் திறந்து, “வாடி செல்லம், தம்பிய வந்து பாரு” என்று மகளைக் கூப்பிட்டாள். மகள் ஓடினாள். நான் அறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டேன்.

“இன்னாண்ணா?”

சொன்னேன். கடை, மூன்று நாள், எத்தனை ஸ்பூன், இலக்கணம், எல்லாம். தங்கை குழந்தையை மார்போடு அணைத்தபடி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மனைவி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி என்னிடம் நீட்டினாள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன்.

“சரி. இந்த ‘இல்லை’ய இனி நம்ப முடியாது” என்றது போன். “அரைகுறை மருந்துல கிருமி மறைஞ்சிருக்கும், போயிருக்கும்னு சொல்ல முடியாது. கக்குவான்னே வெச்சிக்கலாம். வீட்ல எல்லாருக்கும் மருந்து, கைக்கொழந்தைக்கும். அது பால் குடிக்கலன்னாலோ, மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, முகம் நீலம் பூத்தாலோ போன் பண்ணிக்கினு இருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி.”

ஐந்து நாள் நாங்கள் எல்லோரும் மருந்து சாப்பிட்டோம். அளந்து கொடுத்தவள் மனைவி. நான் அதற்குப் பிறகும் குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்காகவே உட்கார்ந்திருந்தேன். தங்கை குளிக்கப் போகும்போது சொல்வாள்: “புக்கு எடுக்காத. மூச்ச மட்டும் பாரு.” பார்த்தேன். கைக்குழந்தைகள் மூச்சுவிடும் முறையில் ஒழுங்கே கிடையாது. நடுவில் சற்று நிறுத்தி யோசிக்கும். அந்த இடைவெளிகளில் நானும் மூச்சுவிடவில்லை.

மூன்று வாரம் போயிற்று. குழந்தை இருமவில்லை. என் மகளுக்கு வந்தது கக்குவானா, வேறு ஏதாவதா என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொண்டிருக்க முடியும், மூன்று நாள் சிரப்பால் அதை நான்தான் கெடுத்தேன்.

தங்கை ஓரிக்கைக்கு, புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கே வேறு டாக்டர். நடந்ததை எழுதிக் கொடு என்றாள். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தறிப் பிசிறிலிருந்து ஆரம்பித்திருந்தேன், நன்றாகவே வந்திருந்தது. படித்துவிட்டு நான்காய்க் கிழித்தாள்.

“கதை வேணாண்ணா. இன்னா மருந்து, எத்தினி நாளு, யாரு குடுத்தது. அவ்ளோதான்.”

இரண்டு வரியில் எழுதிக் கொடுத்தேன். குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.