நாற்பத்தேழாம் எண் குடம்

ரூபேந்திரனால் ஓரிடத்தில் கால் மணி நேரம் உட்கார முடியாது. நாற்காலியில் இருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மலேசியாவின் மாசாய் ஊரில் உள்ள அடுக்குமாடி வீட்டிலிருந்து ஸ்கூடாயில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்து கணினியியல் மூன்றாம் ஆண்டு படித்தான். முதல் ஆண்டில் விளையாட்டுச் செயலி செய்யப் போவதாகச் சொன்னான். இரண்டாம் ஆண்டில் இணையப் பாதுகாப்பு என்றான். 2025 மார்ச் மாதம் முதல் ஐடி ஆர்க்கிடெக்ட் என்றான். ஒரு நிறுவனத்தின் கணினி ஏற்பாடு முழுவதும் எப்படி அமைய வேண்டும், ஒன்று விழுந்தால் மற்றவை எப்படி நிற்க வேண்டும் என்று வரைந்து கொடுக்கும் வேலை அது.

"இது எத்தன வாரத்துக்கு ரூபேன்?" என்று கேட்டாள், உடன் படிக்கும் லோஷினி. "முன்கூட்டியே சொல்லிடு. நான் டைரில குறிச்சு வெச்சுக்கறேன்."

இந்த முறை அவன் மாறவில்லை. ஜொகூர் பாருவில் ஒரு நிறுவனம், தன் வடிவமைப்புக் குழுவில் பயிற்சிக்கு ஒரே ஒரு மாணவரை எடுப்பதாக அறிவித்தது. நேர்காணல் மே 13, செவ்வாய், பிற்பகல் 2.30. ஒரு நிபந்தனை இருந்தது. தானே வடிவமைத்து, மக்கள் நிஜமாகவே பயன்படுத்திவரும் ஒன்றை மாணவர் கொண்டுவர வேண்டும். இந்த இடம் போனால் வேறு குழுவில் பயிற்சி, பிறகு வேறு வேலை, பிறகு வேறு வாழ்க்கை என்று அவன் மனம் ஓடியது.

அவனிடம் அப்படி ஒன்றுதான் இருந்தது. மே 11 கோயில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்போர் போனிலேயே பெயர் பதிய அவன் செய்து கொடுத்த ஏற்பாடு. முந்தைய ஆண்டுகளில் கோயில் செயலாளர் காளிதாஸ் மேசை போட்டு உட்கார்ந்து எழுதுவார். மக்கள் வெயிலில் வரிசையில் நிற்பார்கள். இப்போது பெயரையும் போன் எண்ணையும் போட்டால், குட எண்ணோடு குறுஞ்செய்தி வந்துவிடும். ஏப்ரல் 20-இல் திறந்த பதிவு மே 8-இல் முடிந்தபோது கடைசி எண் 212.

மே 9, வெள்ளி, மாலை 6.10. கோயில் மண்டபச் சுவரில் ஒட்டிய பட்டியல் முன்னால் விசாலி என்ற பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, எங்க வீட்ல ஒம்பது பேரு. ஒம்பது நம்பரும் என் போனுக்கு வந்துச்சு. இங்க என் சின்ன நாத்தனார் பேரு மட்டுந்தான் இருக்கு. மத்த எட்டுப் பேரும் வீட்ல டிவி பாக்கறதா?"

ரூபேந்திரன் பட்டியலை எண்ணினான். 139 பெயர். மறுபடி எண்ணினான். அதே 139.

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தார் காளிதாஸ். "நான் நூத்தி முப்பத்தொம்பது குடந்தான் சொல்லிருக்கேன் லா."

காரணம் புரிய அவனுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. ஒரு போன் எண் என்றால் ஓர் ஆள் என்று அவன் வரைந்திருந்தான். அதே எண்ணிலிருந்து இரண்டாம் முறை பதிவு வந்தால், அந்த ஆள் தன் விவரத்தைத் திருத்துகிறார் என்று கொண்டு, கணினி புது எண் கொடுத்துப் பழையதை அழித்துவிடும். இதை அவன் பெருமையாகவே நினைத்திருந்தான். ஆனால் அவன் பிறந்து வளர்ந்த அடுக்குமாடியிலேயே, நல்ல போன் வைத்திருக்கும் ஒருவர்தான் வீடு முழுவதற்கும், சில சமயம் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பதிவார். அது அவனுக்குத் தெரியாததா? வரையும்போது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அழிந்த பெயர்கள் 73. கணினியில் அவை இல்லை. குறுஞ்செய்திகள் மட்டும் மக்களின் போன்களில் இருந்தன.

பட்டியலில் இருந்த 139 பேரின் போன் எண்களையும் அச்செடுத்துக்கொண்டு கிளம்பினான். முதல் வேலையாகத் தன் தாய் தனலெட்சுமியின் பெயருக்கு நேரே டிக் போட்டான். பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் அவர், அவனுடைய போனில்தான் பதிந்திருந்தார். குட எண் 118, பெயர் பத்திரமாக இருந்தது. மீதி 138 போன். பாதிப் பேரை அழைத்துக் கேட்டான். எடுக்காதவர்களை வீடு தேடிப் போனான். லிப்ட் ஓடாத கட்டடத்தில் ஐந்து மாடி ஏறினான். சனிக்கிழமை மதியம் லோஷினி அழைத்தாள்.

"நீ ஆர்க்கிடெக்ட்டா, போஸ்ட்மேனா?"

"அம்பத்தாறு ஆச்சு. இன்னும் பதினேழு."

"சாப்டியா?"

"அப்புறம்."

மாலை 5.20-க்கு 72 பெயர் கிடைத்துவிட்டன. கிடைக்காதது ஒரே எண். நாற்பத்தேழு.

காளிதாஸ் உலு திராம் கோயிலில் 73 குடம் இரவல் வாங்கி வந்தார். ஞாயிறு காலை 8.05-க்கு ஊர்வலம் புறப்பட்டது. 211 குடங்கள் தலையேறின. மேசையில் 47 என்று சீட்டு ஒட்டிய குடம் மட்டும் பாலோடு நின்றது. ரூபேந்திரன் மூன்று முறை ஒலிபெருக்கியில் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டான். வாசலுக்குப் போனான், மேசைக்கு வந்தான், மறுபடி வாசலுக்குப் போனான்.

"விடு தம்பி. யாரோ வரல," என்றார் காளிதாஸ்.

"யாரு வரலன்னு தெரியணும்ல அண்ணே? யாராச்சும் வேண்டிக்கிட்டு, பேரு இல்லன்னு திரும்பிப் போயிருந்தா?"

"பாலு கெட்டுடும் லா." காளிதாஸ் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அந்தக் குடத்தைத் தானே தூக்கிக்கொண்டு ஊர்வலத்தின் கடைசியில் போய்ச் சேர்ந்தார்.

திங்கட்கிழமை ரூபேந்திரன் பதிவு ஏற்பாட்டின் வடிவமைப்புப் படத்தை நான்கு முறை புதிதாக வரைந்தான். இப்போது ஒரு போனுக்கு எத்தனை ஆள் வேண்டுமானாலும் இருக்கலாம், எதுவும் அழியாது.

"புதுசு மட்டும் காட்டு. நாப்பத்தேழ யாரு கேக்கப் போறா?" என்றாள் லோஷினி.

அவனும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் செவ்வாய் காலை பழைய படத்தையும் எடுத்துப் பையில் வைத்தான்; வெளியே எடுத்தான்; மறுபடி வைத்தான்.

நேர்காணல் செய்தவர் வடிவமைப்புக் குழுத் தலைவி சாருமதி. புதிய படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு போனுக்குப் பல பேருன்னு இந்தக் கோடு எப்படி வந்துச்சு? மொதல்லயே இப்படியா போட்டீங்க?" என்று கேட்டார்.

ரூபேந்திரனின் கால் மேசைக்கடியில் ஆடியது. "இல்லங்க." பழைய படத்தை எடுத்து வைத்தான். 212 செய்தி, 139 பெயர், மீட்டது 72, கிடைக்காதது ஒன்று என்று எல்லாவற்றையும் சொன்னான்.

"எத்தன போன் பாத்தீங்க?"

"நூத்தி முப்பத்தெட்டு."

"லிஸ்ட்ல நூத்தி முப்பத்தொம்பதுன்னீங்க."

"ஒண்ணு என் போனு. அம்மா பேரு அதுல..." அவன் நிறுத்தினான். போனை எடுத்துச் செய்திகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனான். ஏப்ரல் 23, மாலை 4.18. 'உங்கள் பால்குட எண் 47.' தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று அன்று அவனே ஒரு முறை பதிந்து பார்த்திருந்தான். ஒரு வாரம் கழித்து அம்மா பதிந்ததும் அது அழிந்துவிட்டது.

அவன் போனைச் சாருமதியின் பக்கம் திருப்பி வைத்தான். எழுந்து நின்றான். "நான் கெளம்பறேங்க."

"உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல." அவர் பழைய படத்தில் ஓர் ஓரத்தைப் பேனாவால் தட்டினார். "சோதிச்சுப் பாக்கத் தனியா ஒரு எடம் வேணும். ரெண்டு படத்துலயும் அது இல்ல. ஜூலை ஒண்ணாந்தேதி வாங்க. மொத ஆறு வாரம் நீங்க ஒண்ணும் வரையப் போறதில்ல. புகார் மேசைல உக்காந்து போன் எடுக்கணும். எட்டு மணி நேரம். உக்கார முடியுமா?"

"முடியும்," என்றான் ரூபேந்திரன், நின்றபடியே.

கீழே மோட்டார் நிறுத்தத்தில், தலைக்கவசத்தைப் போட்டான், கழற்றினான், காளிதாஸை அழைத்தான்.

"அண்ணே, நாப்பத்தேழு யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு லா?"

"நாந்தான்."

"அடப்பாவி! உனக்காகவா நான் ரெண்டு கிலோமீட்டரு செருப்பில்லாம நடந்தேன்? அடுத்த வருஷம் என் குடத்த நீ தூக்கற. என் பேர மட்டும் அழிச்சுடாத!"