ராணி பகலில் பேசமாட்டாள்

நான் கொஞ்ச காலம் ராணியாக இருந்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் வீட்டுக்காரரே நம்பவில்லை. விருதுநகரில் பருப்பு மூட்டை லோடு ஏற்றி இறக்கிவிட்டு வந்து, கை கழுவிக்கொண்டே, "மகாராணி, அடியேனுக்குக் கொஞ்சம் சோறு போடுறீகளா" என்று கேட்பார். சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்புச் சட்டியை நானே தூக்கிக்கொண்டு போய்விடுவேன். ராணியைக் கிண்டல் செய்தால் வெறும் சோறுதான்.

என் ராஜ்ஜியம் போனுக்குள் இருந்தது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த இளவட்டங்கள் சேர்ந்து ஒரு குரூப் ஆரம்பித்து, அதற்கு நாடு என்று பெயர் வைத்து, கொடி வரைந்து, சட்டம் எழுதி, மந்திரிசபையும் அமைத்திருந்தார்கள். மண் மட்டும்தான் இல்லை. கல்லூரியில் படிக்கிறவர்கள், மொபைல் கடையில் வேலை பார்க்கிறவர்கள், வேலை தேடி அலுத்துப்போனவர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். யாருக்கும் அங்கே சொந்தப் பெயர் கிடையாது, பட்டம்தான். முகம் காட்டக் கூடாது என்பது முதல் சட்டம். சமையல் வீடியோ தேடப் போன நான் எப்படியோ அதற்குள் போய் விழுந்தேன்.

முதலில் இருந்த ராஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வரப்போகிற மனைவிக்குப் பயந்து அவர் முடியைத் துறந்தார். அடுத்து யார் என்று ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். கடைசியில், இதுவரை யாரோடும் சண்டை போடாத ஆளுக்குத்தான் கிரீடம் என்று முடிவானது. தேடிப் பார்த்தால் அப்படி இருந்தது நான் ஒருத்திதான்.

என் குணம் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். என் வாய் எப்படிப்பட்டது என்று எங்கள் தெருவில் விசாரித்தால் சொல்வார்கள். சண்டை போடாததற்குக் காரணம் என் வேலை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் பேக்கிங் பிரிவில் இருந்தேன். பட்டாசு கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வாட்ச்மேன் அறையில் ஒரு பெட்டியில் போட்டு வைப்பார்கள். சாயங்காலம் வெளியே வரும்போதுதான் கொடுப்பார்கள். பகலெல்லாம் அந்தப் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறி, பிறகு சமாதானமும் ஆகியிருப்பார்கள். நான் படிக்கும்போது சண்டையே இருக்காது. யாரைத் திட்டுவது?

நான் பகலில் பேசாததை அவர்கள் ராஜ கம்பீரம் என்று எடுத்துக்கொண்டார்கள். "ராணி பகலில் பேசமாட்டாள்" என்று அதை ஒரு சட்டமாகவே எழுதிவிட்டார்கள். சிவகாசிப் பக்கம் என்பது அவர்களுக்குத் தெரியும். யாரோ பட்டாசு முதலாளியின் மகள் என்று நினைத்துக்கொண்டார்கள். தீபாவளி நெருங்கினால் பெட்டி விலை விசாரிப்பார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை. முதலாளி மகளாக இருப்பதில் எனக்கு என்ன நஷ்டம்?

பட்டம் கட்டிக்கொள்வது சுலபம். தீர்ப்புச் சொல்வதுதான் கஷ்டம். ராணியிடம் மனு கொடுக்கலாம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதலில் விளையாட்டாக வந்தது, கொடியில் நீலமா பச்சையா என்கிற மாதிரி. போகப் போக நிஜமான கஷ்டங்கள் வர ஆரம்பித்தன. அப்பா பேசுவதில்லை, காதலித்தவள் போய்விட்டாள், வேலை இல்லை, தூக்கம் இல்லை. வீட்டில் சொல்ல முடியாததை, முகம் தெரியாத ராணியிடம் சொன்னார்கள். நான் பிளஸ் டூ வரை படித்தவள், அவ்வளவுதான். அழுகிற பிள்ளைக்கு என்ன சொல்வது என்று பிளஸ் டூவில் சொல்லிக்கொடுக்கவில்லை.

அங்கேதான் என் கூட்டாளி வருகிறாள். அடுத்த தெருக்காரி, என் வயதுதான். அதே கம்பெனியில் பட்டாசுக்குள் மருந்து அடைக்கிற அறையில் வேலை. சாயங்காலம் கைகளெல்லாம் வெள்ளிப் பொடி ஒட்டி மினுங்கிக்கொண்டு வருவாள். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் தாய் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். வாழாவெட்டி என்று ஊர் அவளைச் சொன்னது. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், குழாயடியில் காதில் விழுகிற தூரத்தில் சொல்வார்கள். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள். அவளுக்காகக் குழாயடியில் நான் இரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன், அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

கம்பெனி வேனில் எனக்குப் பக்கத்து சீட்டு அவள். காலையில் வேனில் ஏறியதும் முந்தின நாள் மனுக்களைப் படித்துக் காட்டுவேன். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். நாரணாபுரம் தாண்டுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். அவள் சொல்வதை நான் அரண்மனைத் தமிழாக மாற்றி அடிப்பேன்.

ஒருமுறை நர்சிங் படிக்கிற ஒரு பெண் எழுதியிருந்தாள். பரீட்சையில் தவறிவிட்டாளாம். நாலு நாளாகப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை, உயிரோடு இருப்பதே அசிங்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

"ஃபெயிலானவ எல்லாம் சாகணும்னா இந்த வேன்ல டிரைவர் அண்ணன் மட்டுந்தான் மிஞ்சுவாக" என்றாள் கூட்டாளி. "எந்திரிச்சுத் தலையச் சீவச் சொல்லு. சிக்கெடுத்து, எண்ணெ வச்சு, நல்லாச் சீவிப் பின்னட்டும். மத்ததெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம்னு சொல்லு."

"ராணி இப்படியா பேசுவா?"

"நீதான் ராணி. நீ எப்பிடி வேணா பேசு. ஆனா தலையச் சீவச் சொல்லிரு."

"முதலில் எழுந்து தலை வாருக. மற்றவை பிறகு" என்று அடித்தேன். சாயங்காலம் போனை வாங்கிப் பார்த்தால் அந்தப் பெண் பதில் போட்டிருந்தாள், தலை வாரியாயிற்று என்று. வேனில் நான் அழுதேன். அவள் சிரித்தாள்.

முகம் காட்டக் கூடாது, ஆனால் பட்டாபிஷேகப் படம் வேண்டும் என்று மந்திரிசபை கேட்டபோதும் அவள்தான் கைகொடுத்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்து எடுத்துவிடலாம் என்று யோசனை வந்தது. டைபாய்டு வந்ததிலிருந்து என் பின்னல் எலிவால். அவளுக்கோ பின்னல் இடுப்பைத் தாண்டும். டப்பாவில் ஒட்டுகிற தங்கக் கலர் பேப்பரில் கிரீடம் வெட்டி, அவளுடைய கத்திரிப்பூக் கலர் சேலையைக் கட்டச் சொல்லி, ஒரு முழம் கனகாம்பரத்தையும் வைத்து, திரும்பி உட்கார வைத்துப் படம் எடுத்தேன். நாடே கொண்டாடியது. அவளிடம் காட்டினேன். "முதுகு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

எனக்கு அந்த ராஜ்ஜியம் பிடித்திருந்தது. இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. வீட்டில் நான் சொன்னதை யாரும் கேட்பதில்லை, கம்பெனியில் போர்மேன் சொன்னதை நான் கேட்க வேண்டும். அங்கே மட்டும் நான் வாய் திறப்பதற்குக் காத்திருந்தார்கள். சாயங்காலம் அந்தப் பெட்டியிலிருந்து போனைக் கையில் வாங்குகிற நேரத்துக்காகவே பகலைத் தள்ளியிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் படித்துக் காட்ட ஒரு மனு இருந்தது. கூட்டாளி வேனில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சீசன் நேரம், தினமும் ஓவர்டைம். எழுப்ப மனசு வரவில்லை. கேட்டில் இறங்கும்போது, "ஏ பிள்ள, எழுப்பிருக்கலாம்ல" என்று கேட்டுக்கொண்டே கொட்டாவி விட்டாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மருந்து அறைகளில் ஒன்று வெடித்துப் போய்விட்டது. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நானும் ஓடினேன். வேலிக்கு வெளியே வந்து நின்ற பிறகுதான் எந்த அறை என்று சொன்னார்கள். அவளும், கூட இருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள். இதற்கு மேல் அன்றைய பகலைப் பற்றி என்னால் எழுத முடியாது.

கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். வாட்ச்மேன் அறையும் சேர்ந்து பூட்டப்பட்டது. எங்கள் போன்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. எனக்கு அது ஞாபகமே வரவில்லை. அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே கிடந்தேன். நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம். பெரியம்மா அழவில்லை, அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. "வாழவும் விடல, நல்ல சாவு சாகவும் விடல" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கம் கேட்க வந்தவர்களில் சிலர் அப்போதும், புருஷன் இல்லாதவள்தானே, பிள்ளைகுட்டி இல்லையே, அந்த மட்டும் நல்லது என்று பேசினார்கள். அவர்களை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

கருமாதி அன்று பந்தல் போட்டிருந்தது. சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, ஒரு பையனும் ஒரு பெண்ணும் பையைத் தூக்கிக்கொண்டு வழி கேட்டு வந்து நின்றார்கள். பெரிய ரோஜா மாலை ஒன்று வைத்திருந்தார்கள். மாலையோடு ஒரு துணியும் மடித்து வைத்திருந்தது. நீலமும் பச்சையுமாக ஓரம் தெரிந்தது. எங்கள் நாட்டுக் கொடி.

பெரியம்மா, "வாங்க, எங்கன இருந்து வந்திருக்கீக? சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். ஈரோட்டிலிருந்து என்றான் பையன். மொபைல் கடையில் வேலை என்றான். அவன்தான் என் முதல் மந்திரி, எனக்குப் புரிந்துவிட்டது. குரூப்பில் நாடகத்தில் வருகிற மாதிரி நீளமாகப் பேசுகிறவன், பந்தலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அம்மா, உங்க பொண்ணு எங்களுக்கெல்லாம் ராணிங்க" என்றான்.

பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் போனை எடுத்துக் காட்டினாள். விபத்துச் செய்தி வந்த நாளிலிருந்து குரூப்பில் ராணி பேசவில்லையாம். இவர்களுக்கு ராணியின் பெயரே தெரியாது. இறந்தவர்கள் பெயரை எல்லாம் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். பிறகு யாரோ கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். அதில் அவள் அந்தக் கத்திரிப்பூச் சேலையில், பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பட்டாபிஷேகப் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதே சேலை, அதே பின்னல்.

பெரியம்மா போனைக் கையில் வாங்கி, முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிற மகளைப் பார்த்தாள். கிரீடத்தை விரலால் தொட்டாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"ஆளு எம் மகதான். ஆனா அவகிட்ட இந்த மாதிரி போன் கெடையாதேய்யா. பட்டன் போனுல்ல வச்சிருந்தா" என்றாள். அவர்களிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீதான அவ கூடவே திரிவ. ஒனக்கு எதும் தெரியுமா?"

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. நான்தான் ராணி, உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் அந்தப் பையன் என் காலில் விழுந்து அழுதிருப்பான். என் ராஜ்ஜியம் முழுசாக எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். பெரியம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வாழாவெட்டியின் தாயாக உட்கார்ந்திருப்பாள்.

நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள். "நான் ஃபெயிலாயி, செத்துரலாம்னு படுத்துக் கெடந்தேம்மா. எல்லாரும் புத்தி சொன்னாங்க. உங்க பொண்ணு மட்டுந்தான், எந்திரிச்சு மொதல்ல தலைய வாரு, மத்தது பெறகுன்னாங்க. எந்திரிச்சு வாருனேன். இப்ப கடைசி வருஷம் படிக்கிறேன்."

பெரியம்மா அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள். "ஆமா" என்றாள். "ஆமா, அவ அப்படித்தான் சொல்லுவா. அவுக அப்பா செத்தன்னைக்கும் என்னைய உக்கார வச்சுத் தலையத்தான் சீவி விட்டா. எம்புள்ள சொன்னதுதான் இது." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அத்தனை நாள் வராத அழுகை.

"என் போனுதான் பெரியம்மா" என்றேன். "அவ சொல்லுவா, நான் அடிப்பேன்."

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதில் பொய் இல்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பந்தியில் இருந்த குழாயடிக்காரிகள் சோற்றில் கை வைத்தபடி ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று பையனிடம், "இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க, அவ யாருன்னு" என்றேன். அவன் சொன்னான். கொடியை விரித்து அவள் படத்தின் மேல் போர்த்தினான்.

கம்பெனிக்கு வைத்த சீல் எடுத்த பிறகு போன் கைக்கு வந்தது. சார்ஜ் போட்டுத் திறந்தேன். எல்லாரும் கொடியைக் கறுப்பாக்கி வைத்திருந்தார்கள். புது ராணியைத் தேர்ந்தெடுத்தாயிற்று, அந்த நர்சிங் பெண்தான். பதில் எழுத விரல் துறுதுறுத்தது. எழுதவில்லை. இன்னும் அந்த குரூப்பில் இருக்கிறேன், படிக்கிறேன். பல நாள் அந்த ஆசனத்துக்காக ஏங்கியிருக்கிறேன், அவளுக்காகவும். இரண்டில் எது பெரியது என்று கேட்டால், அவள் என்றுதான் சொல்வேன்.

பெரியம்மா இப்போது குழாயடிக்குத் தலைநிமிர்ந்து போகிறாள். "எம் மக ராணியா இருந்தவ" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறாள். யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசினால் நான் இருக்கிறேன்.

கருமாதி அன்று சாயங்காலம் அந்தப் பையனையும் பெண்ணையும் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வருகிறவரை அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். பஸ் வந்ததும்தான் கேட்டாள்.

"அக்கா, நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"வேன்ல பக்கத்து சீட்டு" என்றேன்.

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க" என்றாள்.

"ஆமா" என்றேன்.