பெரியம்மாவின் ஓட்டு

ஓட்டுப் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. எங்கள் பென்னாகரம் பக்கத்துக்கு வராத வேட்பாளர் இல்லை, சொல்லாத வாக்குறுதி இல்லை. கொடி மாறும், கும்பிடுகிற கை மாறும், ரோடு மட்டும் அதே ரோடு. இப்போதெல்லாம் பேரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் போகிறேன். இல்லாவிட்டால் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

நான் முதன்முதலில் பார்த்த தேர்தல் வெள்ளைக்காரன் காலத்தில் நடந்தது. அப்போது எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. நிலவரி கட்டுகிறவர்கள், நாலெழுத்து படித்தவர்கள், இப்படிச் சிலருக்குத்தான். கொஞ்சம் கூடுதலாக வரி கட்டுகிறவராக இருந்தால் அவர் மனைவிக்கும் உண்டு என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. எங்கள் ஊரில் அந்த அளவுக்கு வரி கட்டியவர் அப்பா ஒருவர்தான். சங்கடமும் அங்கேதான். அப்பாவுக்கு மனைவி இரண்டு.

மூத்தவள் பெரியம்மா. அவளுக்குப் பிள்ளை இல்லை என்று அப்பா என் அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். நானும் தம்பியும் பிறந்தோம். வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் கிடையாது, பெரியம்மா தானாகவே ஒதுங்கிக்கொண்டாள். சாவிக்கொத்து அம்மாவின் இடுப்புக்கு வந்தது. கல்யாணம், காதுகுத்து என்றால் அப்பாவோடு கிளம்புவது அம்மா. பெரியம்மாவுக்கு மாட்டுக் கொட்டகை, ஆட்களுக்குக் களி கிண்டுவது, எனக்குத் தலை வாரிவிடுவது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. உலகமே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஓட்டர் பட்டியல் எழுத ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வந்தார். அம்மா பெயரைத்தான் அப்பா முதலில் சொன்னார். கர்ணம் பேனாவை நிறுத்திவிட்டார். “அப்பிடி எழுத முடியாதுங்க. ஒருத்தருக்கு ஒரு சம்சாரந்தான் கணக்கு. மொதல்ல தாலி கட்டுனது யாரோ அவங்க பேருதான் ஏறும்” என்றார். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. மூன்று நாள் எங்கள் அடுப்படியில் பாத்திரங்களுக்குத்தான் உதை.

கர்ணம் எழுதி முடித்ததும் பெரியம்மா அதை வாசிக்கச் சொன்னாள். அவள் பெயர், பக்கத்தில் இன்னாருடைய மனைவி என்று அவர் வாசித்தார். “இன்னொருக்கா வாசிங்க” என்றாள். ஊரில் யாரும் அவளை அப்படிச் சொல்லி வெகு நாளாகியிருந்தது.

ஓட்டு நாளன்று அப்பா வண்டி கட்டினார். பெரியம்மாவோடு நானும் போக வேண்டியதாயிற்று. புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதிகாரி கேட்டால் யார் சொல்வது? “உங்கப்பன் பேரக் கேட்டாங்கன்னா கணீர்னு சொல்லிடு கண்ணு” என்றாள் பெரியம்மா. எனக்கு ஏழு வயது. பென்னாகரம் போய்ச் சேரும்வரை அப்பாவின் பெயரை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

ஆண்கள் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடம், பெண்களுக்கு எதிரே இருந்த சத்திரம். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் பெட்டி. “பச்சப் பொட்டியில போடு” என்று சொல்லிவிட்டு அப்பா பள்ளிக்கூட வரிசைக்குப் போய்விட்டார்.

சத்திரத்தில் மேசைக்குப் பின்னால் கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் இருந்தார். பக்கத்தில் எதிர்த்தரப்பு வேட்பாளரின் ஏஜெண்டு. பெரியம்மா தன் பெயரைச் சொன்னாள். “புருஷன் பேரு?” என்றதும் என் தோளைத் தொட்டாள். நான் கத்திய கத்தலில் வரிசையே சிரித்தது.

அதிகாரியும் சிரித்தார். “உங்கம்மாவுக்கு நீதான் வக்கீலா பாப்பா?” என்றார்.

“இது எங்கம்மா இல்லீங்க. எங்கம்மா வூட்ல இருக்குது” என்றேன்.

ஏஜெண்டு எழுந்துவிட்டார். “சார், ஆள் மாறாட்டம்! எழுதிக்குங்க!”

அதிகாரி அவரைக் கையமர்த்தினார். “பயப்படாம சொல்லு பாப்பா. உங்கப்பா சம்சாரம் யாரு?”

“எங்கம்மா.”

“அப்ப இந்தம்மா யாரு?”

“எங்க பெரியம்மாங்க. எங்க வூட்ல மாடு பாத்துக்குவாங்க.”

இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெரியம்மா “நாந்தாங்க மொத...” என்று ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. “ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எதிர்லதான இருக்காரு? அவரக் கூட்டியாங்க. ஒரு வார்த்தை சொல்லட்டும், நீங்க போட்டுட்டுப் போங்க” என்றார்.

வாசல் வழியாக அப்பா தெரிந்தார். தோளில் துண்டோடு யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் இருபது தப்படிகூட இருக்காது. பெரியம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வேணாங்க. புள்ள சொன்னா சரிதாங்க” என்று சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அவரை ஏன் கூப்பிடவில்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அப்பா வந்து என்ன சொல்வாரோ என்று பயந்திருப்பாள் என்று தோன்றுவதற்கே எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆயிற்று.

வெளியே எனக்குப் பொரி உருண்டை வாங்கித் தந்தாள். “எம்மேல கோவமா பெரியம்மா?” என்று கேட்டேன். “எதுக்குக் கோவம்? இல்லாததயா சொல்லிப்புட்ட நீ?” என்றாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. இத்தனை பேர் முன்னால் பொய் சொல்லாமல் பேசினேனே என்று பெருமையாகக்கூட இருந்தது.

வண்டியில் அப்பா, “போட்டியா?” என்றார்.

“போட்டேங்க.”

“பச்சதான?”

“பச்சதாங்க.”

நான் பொரி உருண்டையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். செம்பை விடாமலே, “உள்ள உங்கள யாருன்னு கேட்டாங்களாக்கா?” என்றாள்.

“கேட்டாங்க. அதான் எழுதிக் கெடக்குதே. மருவாதியாத்தான் வுட்டாங்க” என்றாள் பெரியம்மா. அம்மா செம்பை விட்டாள்.

பொழுது சாய்ந்ததும் பெரியம்மா களி உருட்டி வைத்துவிட்டு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். பொய் சொல்கிறவர்களோடு சேரக் கூடாது என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். நான் என் வட்டிலை எடுத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.