ஒன்றரை அடிக்கு ஒரு சர்வேயர்

சர்வேயர் வேலையில் நிலத்தை அளப்பது கால்வாசிதான். மிச்ச முக்கால்வாசி, டேப்பின் மறுமுனையை யார் பிடிப்பது என்கிற சண்டை. பக்கத்து வீடு என்று ஒன்று உள்ளவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராயபுரத்தில் ஒரே ஒரு சுவருக்காக நான் பட்ட பாட்டை மட்டும் கேளுங்கள்.

எழுதிக் கொடு

சவரி அண்ணன் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். மாடியில் குடியிருக்கிறார். பக்கத்து வீட்டு ராணியக்காவின் சமையலறைச் சுவர் தன் மனைக்குள் ஒன்றரை அடி வந்துவிட்டது, இடித்தே ஆக வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். அந்தச் சமையலறையில்தான் ராணியக்கா இட்லி அவித்துத் தெருவுக்கே விற்கிறார். சுவர் போனால் பிழைப்பும் போச்சு. நான் வரைபடத்தை எடுத்து, "முதல்ல அளந்து பார்க்கலாம்ணே" என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இன்னா சார் நீ, அளந்து பாக்கவா கூப்ட்டேன்? ஒன்ற அடி கீதுன்னு எய்திக் குடுக்கத்தானே கூப்ட்டேன்!"

நுனி

டேப்பின் ஒரு முனை என் கையில். இன்னொன்றைத் தன் மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தார் அண்ணன். மச்சானோ நுனியைப் புள்ளியில் வைக்காமல், ராணியக்கா பக்கமாகவே நகர்த்திக்கொண்டு போனார். ராணியக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் இஸ்த்தா காசிமேடு வரிக்கும் உங்க எடம் வந்துரும்!"

வெயில்

பதினோரு மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. இரும்பு டேப் சூட்டில் ஒரு நூல் நீளும், நிழல் வரட்டும் என்று வாய்தவறிச் சொல்லித் தொலைத்தேன். ஒரு நூல்தான் ஐயா, அரைக்கால் அங்குலம், கொசு உட்காரக்கூட இடம் பத்தாது! நீண்ட டேப்பில் அளந்தால் இடம் குறைச்சலாகக் காட்டும் என்பதை அண்ணன் நொடியில் பிடித்துக்கொண்டார். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"அப்டீன்னா சார், அவ எடத்த உச்சி வெயில்ல அள. என்னிது காத்தால பாத்துக்கலாம்."

கல்

வரைபடத்தில் இருந்த எல்லைக்கல் ஒன்று தரையில் இல்லை. தோண்டிப் பார்த்தால், அண்ணன் வீட்டு மாடிப்படியின் அடியில் சிமெண்டு பூசிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது! மற்ற கற்களிலிருந்தும் இரண்டு தடவை அளந்தேன். ராணியக்காவின் சுவர் அவர் எல்லையில்தான் நிற்கிறது. அண்ணனுடைய படிக்கட்டுதான் பத்து அங்குலம் ராணியக்கா மனையில் நிற்கிறது. மச்சான் டேப்பை மெதுவாகக் கீழே வைத்தார். அண்ணன் அசரவில்லை.

"கல்லு நவுந்திருக்கும் சார். பக்கத்துலயே கடல் கீது, அது சும்மா இருக்குமா?"

படி

அறிக்கையின் ஒரு நகலை ராணியக்காவிடம் கொடுத்து, "படியை இடிக்கச் சொல்லிக் கேட்கலாம்மா, உங்களுக்கு உரிமை இருக்கு" என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், மறைப்பானேன். அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது; அந்தப் படி போனால் மாடிக்கு வேறு வழியே கிடையாது. ராணியக்கா படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"வேணாம் சார், நிக்கட்டும். தெனம் ஏறசொல்லோ எறங்கசொல்லோ என் எடத்துல கால வெச்சாதான் அவுருக்கு வூடு."

இப்போதெல்லாம் தெருவில் நின்று கூப்பிட்டால், சவரி அண்ணன் மாடியிலிருந்து கை மட்டும் காட்டுகிறார், இறங்கி வருவதில்லை.