கேமராவுக்குப் பக்கத்தில் நின்றவள்

படப்பிடிப்பில் எல்லோரும் அவளை ‘எதிர்வசன அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஹீரோவின் முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுக்கும்போது, எதிரில் இருப்பவரின் வசனத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று யாராவது சொல்ல வேண்டும். பெரிய நடிகைகள் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார்கள். பதினோரு வருடமாக அவர்களுக்குப் பதில் இவள் நிற்கிறாள். மனைவி, அம்மா, ஏன், நீதிபதியாகக்கூட நின்றாயிற்று. திரையில் அவள் நகம்கூடத் தெரிந்ததில்லை.

இன்றுதான் அவளுக்கென்று ஒரு க்ளோசப். நர்ஸ் வேடம். அப்பாவாக ஓடிவரும் ஹீரோவிடம், மகன் போய்விட்டான் என்று சொல்ல வேண்டும். “இது நல்லா வந்தா அடுத்த படத்துல நீங்கதான் அம்மா” என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

காலையில் மகள் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்: “இதுலயாவது உன் மூஞ்சி தெரியுமாம்மா?”

“கண்ணு மூக்கு எல்லாம் தெரியும், போடி.”

முதலில் ஹீரோவின் ஷாட். வழக்கம்போல அவள் கேமராவை ஒட்டி நின்றாள்.

“கடைசி வரைக்கும் அப்பா வந்தாச்சான்னு கேட்டுட்டே இருந்தான் சார்.”

சொல்லி முடிப்பதற்குள் அவள் உதடு துடித்தது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதைப் பார்த்த ஹீரோவின் முகம் அப்படியே உடைந்தது. ஒரே டேக்கில் ஓகே. அத்தனை பேரும் ஹீரோவுக்குக் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அடுத்து அவள் முறை. எதிரில் ஹீரோ இல்லை. உதவி டைரக்டர் தாளோடு நின்றான்.

“என் பையன் எங்க சிஸ்டர், அவனுக்கு ஒண்ணும் இல்லல்ல” என்று கரண்ட் பில் வாசிப்பதுபோல வாசித்தான்.

“தம்பி, நீ கேக்குறதப் பாத்தா பையன் கடைக்குப் போயிருக்கான் போல” என்றார் லைட்மேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வசனம் உப்புச்சப்பில்லாமல் வந்து விழுந்தது. மூன்று டேக்கும் அப்படியே.

அவள் ஹீரோவின் கேரவனுக்கு ஓடினாள்.

“சார், ரெண்டே நிமிஷம். சும்மா எதிர்ல வந்து நில்லுங்க, போதும்.”

“அக்கா, அழுது அழுது கண்ணு வீங்கிப்போச்சு. அடுத்த சீன்ல நான் சிரிக்கணும்” என்றார் ஹீரோ, உண்மையான வருத்தத்தோடு. “உங்களுக்குத் தெரியாததா? ஜமாய்ச்சிடுவீங்க.”

திரும்பி வந்தாள். ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையைக் கிள்ளிப் பார்த்தாள். தன் மகளையே அந்த ஆஸ்பத்திரி செட்டின் கட்டிலில் படுக்கவைத்து நினைத்துப் பார்த்தாள். வெட்கமாக இருந்ததே தவிர, கண் கலங்கவில்லை. இருந்ததையெல்லாம் அவருடைய ஷாட்டிலேயே கொட்டிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. இன்றைக்காவது கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கக் கூடாதா?

ஏழாவது டேக் முடிந்ததும் டைரக்டர் எழுந்தார்.

“போதும்க்கா. சீன் முழுக்க அவர் மூஞ்சி மேலயே வச்சுக்கறேன்.”

“சார், இன்னும் ஒண்ணே ஒண்ணு...”

“வெளிச்சம் இல்லக்கா.”

எல்லோரும் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள். சவுண்டுக்காரர் மட்டும் மைக்கோடு வந்தார். “அக்கா, அவர் ஷாட்ல உங்க குரல் தூரமா கேக்குது. அந்த வசனத்த மட்டும் கிட்ட வந்து ஒருதரம் சொல்லிடுங்க.”

அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

“கடைசி வரைக்கும் அப்பா வந்தாச்சான்னு...”

உதடு துடித்தது. கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்தது.

“பிரமாதம்க்கா!” என்றார் சவுண்டுக்காரர்.

அவருக்குப் பின்னால் கேமராமேன் லென்சுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார்.