மாதிரித் துண்டு

கம்பளத் துண்டுக்குள் நகத்தை நுழைத்து ஓர் இழையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறான் வெற்றிவேல். முகம் சிவக்கிறது. இழை அசையவில்லை. “என் உசுரு போனாலும் இது வராதும்மா. நீங்களே இஸ்துப் பாருங்க.”

செஞ்சி கடைத்தெருவில் கார்ப்பெட் விற்கும் அவனுக்கு இது அன்றாடக் கூத்து. துண்டைத் திருப்பி முதுகையும் காட்டுவான். “முன்னாடி இருக்கிற பூ பின்னாடியும் இருக்குது பாருங்க. ஒவ்வொரு இழையும் முடிச்சு. பத்து வருசம் மிதிங்க, இன்னா ஆவப்போவுது?”

அதில் பொய் இல்லை. அந்தத் துண்டு கையால் முடிச்சுப் போட்டு நெய்தது. பொய்யெல்லாம் சுவரோரம் கட்டி நிறுத்தியிருக்கும் சுருள்களில் இருக்கிறது. மெஷினால் துணியில் இழையைக் குத்தி, பசை தடவி, பசை தெரியாதிருக்க மேலே இன்னொரு துணியை ஒட்டிய சரக்கு. பசையிலும் பாதி சுண்ணாம்புப் பொடி. இரண்டு கோடை தாண்டினால் காய்ந்து உதிரும். இழை கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். கடையில் சுருளைப் பிரித்துப் பார்ப்பவர் யாருமில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனுக்குத் தூக்கமே வரவில்லை. பிறகு வந்துவிட்டது. அப்படி வந்ததற்காகத்தான் தன்னை அதிகமாக வெறுக்கிறான்.

போன வாரம் தொண்டூரிலிருந்து அவன் அக்கா ஆண்டாள் வந்தாள். புது வீட்டு டைல்ஸில் அவள் மாமியார் வழுக்கி விழுந்திருக்கிறார். “நெலத்துல வெளஞ்ச மல்லாட்ட வித்த காசுடா. நல்லதா ஒண்ணு குடு. என் ஆயுசுக்கும் இது ஒண்ணுதான்.”

கல்லாவில் முதலாளி உட்கார்ந்திருந்தார். வெற்றிவேல் துண்டை எடுத்தான். பல்லைக் கடித்தான். இழுத்தான். அக்கா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “நீ சொன்னா சரிடா” என்று ஒரு சுருளைக் கைகாட்டினாள்.

அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை அவளோடு நடந்தான். வழியில் முதலாளி இல்லை. சொல்லியிருக்கலாம். சொன்னால் சுருள் கடைக்குத் திரும்பும், அவன் வேலை போய்விடும். “தண்ணி படாம பாத்துக்கக்கா. வெயில்ல போடாத. ஒதறாத” என்று மட்டும் சொன்னான்.

“இன்னாடா, பச்சப் புள்ளயக் குடுத்தனுப்புறாப்புல சொல்ற?” என்று சிரித்தாள்.

பஸ்ஸில் சுருளைக் கடைசி சீட்டோரம் சாத்திவிட்டு நிமிர்ந்தான். சட்டைத் தோளெல்லாம் வெள்ளைப் பொடி.

“எந்தச் செவுத்துல போயி சாஞ்ச? சுண்ணாம்பு பாரு” என்றாள் ஆண்டாள். முந்தானையை எடுத்து, பொடி முழுவதும் போகும்வரை துடைத்துவிட்டாள்.