சீன் போட்ட ஈ

மாலை ஆறு மணிக்கு எங்கள் தாமான் குடியிருப்பில் புகை அடிக்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது மணி நாலரை. டெங்கிக் கொசுவுக்கான புகைதான். ஆனால் அந்தப் புகைக்கு என் ஈ வேறு, கொசு வேறு என்று தெரியவா போகிறது?

செமஸ்டர் விடுமுறையில் பெக்கான் நானாஸ் வீட்டுக்கு வந்திருந்தேன். இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்திருந்தது ஒரு நெட்டைக்கால் ஈ. அது எந்தப் பேரினம் என்று திங்கட்கிழமைக்குள் உறுதியாகச் சொல்லாவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும். பாதி அடையாளங்கள் கையில் இருந்தன. அரிசியைவிடச் சின்ன உடம்பு, பச்சை உலோக மினுமினுப்பு, பொய்க்கால் கட்டியதுபோல் கால்கள், இறக்கையில் கவட்டையாகப் பிரியும் நடு நரம்பு. மீதி ஒன்றே ஒன்று: உணர்கொம்பில் இருக்கும் மயிர் கொம்பின் நுனியிலிருந்து முளைக்கிறதா, கொம்பின் மேற்புறத்திலிருந்தா? பெண் ஈயில் அது குட்டை. என் லென்சுக்குப் பிடிபடவில்லை. ஆணில் நீளம். பிடித்த ஆறுமே பெண்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அக்காவுக்கு அன்று ஆஃப்; வீட்டில் இருந்தாள். நான் காலியான குவே பலகாரப் போத்தலும் கையுமாக வாழைமரத்தடியில் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னடி, கொசு பிடிக்கிறியா?"

"ஈ, க்கா. ஆம்பள ஈ வேணும்."

"அலமாக்! நமக்கே கெடைக்கல, இவளுக்கு ஈயில வேணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தாலும் கண்ணை இலையிலிருந்து எடுக்கவில்லை. பத்துப் பதினைந்து ஈக்கள். எல்லாம் ஒரே அச்சு. மணி ஐந்தே முக்கால். அடுத்த தெருவில் மெஷின் உறுமத் தொடங்கியது.

"ஏய், அங்க பாரு," என்றாள் அக்கா. "அது ஒண்ணு மட்டும் ஓவரா சீன் போடுதுலா."

பார்த்தேன். ஒரு ஈ இன்னொன்றின் முன்னால் நின்று இறக்கையை விரித்து விரித்து ஆட்டியது. மற்றது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, அதான் ஆம்பள!"

"பின்ன? பார்த்தாலே தெரியல?"

போத்தலைக் கவிழ்த்தேன். மாட்டியது!

ஜன்னல்களை அடைத்தோம். ஈ மயங்கட்டும் என்று போத்தல் ஃப்ரீசரில் மீனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. வெளியே தெருவெல்லாம் வெள்ளைப் புகை. உள்ளே லென்சுக்குக் கீழே என் ஈ. மயிர் நீளமாக, நேராக, கொம்பின் நுனியிலிருந்தே முளைத்திருந்தது. பேரினம் உறுதி, தலைப்பு தப்பித்தது. நான் போட்ட சத்தத்தில் அக்கா மைலோவைக் கொட்டிவிட்டாள்.

அவளும் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"அழகாத்தான் இருக்கான்," என்றாள். "சரி போ, கொசு இல்ல. ஒத்துக்கிறேன்."